கவலையைக் கலைச்சா கலவை!

“ஹெச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ. இதுதான் க்ளூ. அஞ்சு எழுத்துல ஒரு இங்கிலீஷ் வார்த்தை. சொல்லு பார்ப்போம்!”

காலேஜ் சேர்ந்து ரெண்டே வாரம். ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லியைப் பிய்த்துக்கொண்டு இருந்தேன். எதிரே ஃபைனல் இயர் அக்கா ஒருத்தர், இங்கிலீஷ் பேப்பரை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, பேனாவால் டேபிளைத் தட்டிக்கொண்டே கேட்டார். எனக்கு வேர்த்து விட்டது. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். ‘மே ஐ கம் இன்’ சொல்வதற்கே மனசுக்குள் நாலு தடவை ரிகர்சல் பார்க்கிற ஆள் நான்.

“தெரியலைக்கா. எனக்கு இங்கிலீஷ் வீக்கு.”

“இதுக்கு இங்கிலீஷ் வேணாம். நைன்த் ஸ்டாண்டர்ட் கெமிஸ்ட்ரி போதும். ஹெச்-ல ஆரம்பிச்சு எதுல முடியுது?”

“ஓ-ல.”

“ஹெச் டு ஓ!”

ரெண்டு செகண்ட் கழித்துத்தான் பல்ப் எரிந்தது. ஹெச் டூ ஓ. தண்ணி. வாட்டர். அஞ்சு எழுத்து! மெஸ் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். பக்கத்து டேபிள் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அது க்ராஸ்வேர்ட் உலகத்தில் ரொம்பப் பழைய ஜோக்காம். எனக்கு அன்றைக்குத்தான் புதுசு. ஒரு மொழியில் வீக்கா இருக்கிறவளும் அந்த மொழியில் ஒரு பூட்டைத் திறக்கலாம் என்று முதல் தடவையாகத் தெரிந்த நாள் அது.

அன்றையிலிருந்து தினமும் டிபனுக்கு அந்த அக்கா பக்கத்திலேயே இடம் பிடித்தேன். நம்ம ஊரில் ‘தி ஹிந்து’வில் தினமும் வருதே, கறுப்பு வெள்ளைக் கட்டம், அதுதான். ‘க்ரிப்டிக் க்ராஸ்வேர்ட்’ என்று பேர். முதல் மாதம் முழுக்க ஒரு நாளைக்கு ஒரு க்ளூ விழுந்தாலே பெருமை. முழுக் கட்டத்தையும் தனியாக முடித்தது எட்டு மாதம் கழித்து. அன்றைக்கு நான் பேப்பரைக் கிழித்து பீரோவுக்குள் ஒட்டி வைத்தேன்.

ஒரு க்ளூ, ரெண்டு வழி

சாதாரண குறுக்கெழுத்தில் ‘தமிழ்நாட்டின் தலைநகர்’ என்று கேட்பார்கள். தெரிந்தால் போடலாம், தெரியாவிட்டால் பேந்தப் பேந்த முழிக்கலாம். க்ரிப்டிக்கில் விஷயமே வேற. ஒவ்வொரு க்ளூவிலும் ஒரே விடைக்கு ரெண்டு வழி இருக்கும். ஒரு பாதி, நேரடி அர்த்தம். இன்னொரு பாதி, அந்த வார்த்தையை எழுத்து எழுத்தாகக் கட்டுவதற்கான ரெசிபி. இந்த ரெண்டையும் தையல் தெரியாமல் ஒட்டி, ஒரே வாக்கியம் போல நடிக்க வைத்திருப்பார்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு நம்பர், எத்தனை எழுத்து என்று.

அக்கா சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: “வாக்கியம் என்ன கதை சொல்லுதுன்னு பார்க்காதே. அது டுபாக்கூர். நேரடி அர்த்தம் ஒண்ணு முதல்ல இருக்கும், இல்ல கடைசியில இருக்கும். எங்கே வெட்டணும்னு கண்டுபிடி.”

இன்ஜினீயரிங் மூளைக்கு இது உடனே பிடித்துப்போனது. எலெக்ட்ரானிக்ஸில் பாரிட்டி பிட் படிக்கிறோம் இல்லையா... அனுப்புகிற தகவலோடு கூடவே ‘சரியா வந்து சேர்ந்துச்சா’ என்று சரிபார்க்க ஒரு பிட். க்ரிப்டிக் க்ளூவும் அப்படித்தான். விடை சரியா தப்பா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. ரெண்டு வழியும் ஒரே இடத்தில் முட்டினால் சரி. முட்டவில்லையா, நீங்கள் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்

இந்தக் கட்டத்துக்கும் ஒரு பர்த்டே உண்டு. 1913 டிசம்பர் 21. ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு புதிர் போட்டார். பேர் ‘வேர்ட்-கிராஸ்’. அது அமெரிக்காவில் பிறந்தாலும், கோக்குமாக்கு ஆனது என்னவோ இங்கிலாந்தில்தான். 1926-ல் ‘தி அப்ஸர்வர்’ பத்திரிகையில் எட்வர்ட் பொவிஸ் மேதர்ஸ் என்பவர் ‘டார்க்விமடா’ என்ற புனைபெயரில் முழுக்க முழுக்கக் குறும்புக் க்ளூக்களாகப் போட ஆரம்பித்தார். அந்தப் பெயர் யாருடையது தெரியுமா? ஸ்பெயினில் மத விசாரணை என்று ஊரையே நடுங்க வைத்த பாதிரியாருடையது. பேர்லயே டார்ச்சர்!

இரண்டாம் உலகப் போரிலும் இதற்கு ஒரு கெஸ்ட் ரோல் உண்டு. 1942 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராஃப்’ தன் புதிரை 12 நிமிஷத்துக்குள் முடிக்க முடியுமா என்று ஆட்களைக் கூப்பிட்டுப் போட்டி வைத்தது. அதில் தேறியவர்கள் சிலருக்குக் கொஞ்ச நாள் கழித்து ராணுவத்திலிருந்து அழைப்பு. ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைத்த ப்ளெட்ச்லி பார்க்கில் வேலை! ‘பேப்பர்ல கட்டம் போட்டு டைம் வேஸ்ட் பண்றே’ என்று யாராவது சொன்னால் இதை எடுத்து விடுங்கள்.

ஆனால் என்னை உலுக்கியது வேறொருத்தர் கதை. ஜான் கிரஹாம். ஒரு பாதிரியார். ‘அராகாரியா’ என்ற பெயரில் ‘தி கார்டியன்’ பத்திரிகைக்குப் பல வருஷமாகப் புதிர் போட்டவர். 2013 ஜனவரியில் வந்த ஒரு புதிருக்கு மேலே சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தனக்கு 18-வது விடை வந்திருக்கிறது, 19-வது விடையில், 13, 15-வது விடைகளால் சிகிச்சை நடக்கிறது என்கிற மாதிரி. வாசகர்கள் வழக்கம்போலக் காபியோடு உட்கார்ந்து கட்டத்தை நிரப்பினார்கள். நிரப்பியவர்களுக்குக் கிடைத்த விடைகள்... புற்றுநோய், உணவுக்குழாய், வலி தணிக்கும் சிகிச்சை. அந்த நவம்பரில், 92 வயதில், அவர் இறந்துபோனார்.

வாயால் சொல்ல முடியாததை ஒரு மனுஷன் கட்டத்துக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையை அக்கா சொன்னபோது ‘ச்சே, பாவம்’ என்று மட்டும் நினைத்தேன். எனக்கே அது உதவும் என்று நினைக்கவில்லை.

ரெண்டு வாரப் பொய்

மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று ராத்திரி ஹாஸ்டலில் ஒரே கூச்சல். மொபைலில் ரெஜிஸ்டர் நம்பர் போட்டுப் போட்டு பக்கம் திறக்கவே இல்லை. திறந்தபோது, திறக்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், அவுட். எலெக்ட்ரானிக் சர்க்யூட்ஸ், அவுட். ரெண்டு அரியர்.

நான் ப்ளஸ் டூவில் எங்கள் ஸ்கூலில் செகண்ட். சிவகாசியில் எங்கள் தெருவில் இன்ஜினீயரிங் போன முதல் பொண்ணு. அப்பா பிரஸ்ஸில் எல்லோருக்கும் பூந்தி வாங்கிக் கொடுத்து, ‘பாப்பா மெட்ராஸ்ல படிக்குது’ என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தவர். மறுநாள் போன் பண்ணினார்.

“ரிசல்ட்டு என்னாச்சு தாயி?”

“இன்னும் வரலைப்பா.”

ரெண்டு வாரம் இதே பதில். ஒவ்வொரு தடவையும் அவர் “சரி சரி, வரட்டும்” என்று சொல்லும்போது வயிற்றுக்குள் ஏதோ சுருளும். சனி, ஞாயிறோடு ஒரு லீவு சேர்ந்து வந்தபோது, ஊருக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். திருச்சி வரை தைரியமாக இருந்தேன். மதுரை தாண்டியதும் எல்லாம் காலி.

தலைகீழாகப் படிக்கிறவர்

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லணும். இப்போது அவர் ஒரு காலண்டர் கம்பெனியில் ப்ரூஃப் பார்க்கிறார். ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆனால் பதினைந்து வயசில் அவர் பிரஸ்ஸுக்குள் நுழைந்தது கம்பாசிட்டராக. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாமே ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து, கையில் இருக்கிற ஸ்டிக்கில் அடுக்கித்தான் அச்சாகும். அந்த எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி இருக்கும். அதை அப்படியே படித்துப் படித்துப் பழகியவர். இன்றைக்கும் நான் எதிரே உட்கார்ந்து எழுதினால், அந்தப் பக்கத்திலிருந்தே தப்பைப் பிடித்துவிடுவார்.

சனிக்கிழமை ராத்திரி. கரன்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அம்மா பொரிகடலை கொண்டுவந்து வைத்துவிட்டுக் கீழே போனார். நான் செல்போன் டார்ச்சில் க்ராஸ்வேர்ட் நோட்டைப் புரட்டிக்கொண்டு இருந்தேன். படிக்கிற மாதிரி ஒரு நடிப்பு!

“அதென்ன தாயி, கட்டமா இருக்கு? குறுக்கெழுத்தா?”

“ஆமாப்பா. ஆனா இங்கிலீஷ்ல. இது வேற மாதிரி. வெறும் அர்த்தம் கேட்க மாட்டாங்க, எழுத்தை வச்சு விளையாடுவாங்க.”

“நம்ம வாரப் பத்திரிகையிலயும் வருமே. ‘திரும்பியிருக்கிறார்’, ‘குழம்பியிருக்கிறார்’னு. வலமிருந்து இடம், கீழிருந்து மேல்னுகூடப் போடுவானே.”

அட! எனக்கு அது ஞாபகமே வரவில்லை. இங்கிலீஷ்காரர்கள் கட்டத்தில் வார்த்தை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டும்தான் ஓடும். நம்ம ஊர்க் கட்டத்தில் நாலு திசையிலும் ஓடும். ஆக, பாதி க்ரிப்டிக் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது!

இங்கிலீஷ் க்ளூவை அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் விளங்காது. அதனால் அங்கேயே தமிழில் கட்ட ஆரம்பித்தேன். முதலில் ஈஸியா ஒன்று.

‘மணமக்கள் மாற்றிக்கொள்வது காலேஜ் விடுகிற நேரத்திலா? (2)’

“மாலை,” என்றார் அப்பா, பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டே. “அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குல்ல.”

“அதேதான். இதுக்கு ‘டபுள் டெஃபனிஷன்’னு பேரு. இப்ப அடுத்தது: ‘சாவியைத் திருப்பு, வெளிநாடு போக அனுமதி (2)’.”

நான் சொல்லி முடிக்கவில்லை. “விசா! சாவியைத் திருப்பினா விசா!” அப்பா பாயிலிருந்து எழுந்தே விட்டார். “இதைத்தானே நான் இருபது வயசுல தினம் பண்ணிக்கிட்டு இருந்தேன். வாசியைத் திருப்பினா சிவா. இதெல்லாம் ஸ்டிக்கைப் பார்த்தாலே கண்ணுல தெரியும்.”

தலைகீழாகப் படிக்கிறவருக்கு இதெல்லாம் ஜுஜுபி!

‘ஆழமாக விதைத்ததில் உள்ளே முளைத்த பாட்டு (3)’. இதற்குக் கொஞ்சம் யோசித்தார். “உள்ளேன்னா எதுக்கு உள்ளே?” என்று கேட்டார் பாருங்கள், அங்கேயே பாதி ஜெயித்துவிட்டார். ‘ஆழமாக விதைத்த’ என்பதை எழுதிக் காட்டினேன். ரெண்டு வார்த்தைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை விரலால் மூடினார். க... வி... தை. “ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு, பயபுள்ள!”

‘சோலையைப் பரப்பு, தஞ்சாவூருக்குச் சோறு போடுவாள் (3)’. சோலைக்கு ‘கா’ என்று ஒரு பழைய பேர் உண்டு. பரப்பு என்றால் விரி. கா, விரி, காவிரி. இது சும்மா ரெண்டு துண்டை ஒட்டுகிற வேலை.

‘கனவாம், கலைந்து போச்சு... பைக்கும் அதில் ஒன்று (4)’. கலைந்து போனது கனவு இல்லை, எழுத்து! ‘கனவாம்’ என்கிற நாலு எழுத்தைக் கலைத்து அடுக்கினால் வாகனம். பெட்ரோல் விலையைப் பார்த்து பைக் கனவு கலைந்த நம்ம பசங்களுக்கு இந்தக் க்ளூ சமர்ப்பணம்.

‘நடுவில் ஒன்றும் இல்லாத கடலையும் ஒரு வித்தை (2)’. கடலையில் நடு எழுத்தை எடுத்துவிட்டால் கலை. அப்பா தட்டில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தார். ‘கடலை’க்கு நம்ம காம்பஸில் இருக்கிற இன்னொரு அர்த்தத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. ஹி... ஹி...

ஈய எழுத்தும் கட்டமும்

அப்புறம் அவரே ஒன்று போட்டார். “கலைத்த கவலை ஒரு மிக்ஸிங். மூணு எழுத்து. விடை, கலவை. எப்பிடி?”

“சூப்பர்ப்பா! ஆனா தப்பு.”

“எப்பிடித் தப்பு?”

கட்டத்தில் ‘லை’ ஒரு பெட்டி, ‘வை’ ஒரு பெட்டி. கவலையில் இருப்பது க, வ, லை. கலவைக்கு வேண்டியது க, ல, வை. எழுத்தே வேற, எப்படிக் கலைத்தாலும் வராது. இங்கிலீஷில் 26 எழுத்துதான், எதை வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம். தமிழில் உயிர்மெய் ஒவ்வொன்றும் தனி எழுத்து. மொத்தம் 247. அதனால்தான் தமிழில் கலைத்துப் போடுகிற க்ளூ கட்டுவது ரொம்பக் கஷ்டம். இப்படி எல்லாம் அப்பாவுக்கே லெக்சர் அடித்தேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் நோட்டை வாங்கினார்.

“உன் கட்டத்துல வராது. என் ஸ்டிக்குல வரும். ‘லை’ங்கிறது உனக்கு ஒரு எழுத்து. எனக்கு ரெண்டு. முன்னாடி நிக்கிற சங்கிலிக் கொம்பு ஒரு அச்சு, ‘ல’ ஒரு அச்சு. 1978-ல எழுத்தைச் சீர்திருத்தினாங்கல்ல, அதுக்கப்புறம் லைக்கும் இதே கொம்புதான். கவலைக்கு நான் எடுக்கிறது நாலு அச்சு. க, வ, கொம்பு, ல. கலவைக்கும் அதே நாலுதான். வரிசைதான் வேற.”

நான் வாயை மூடிக்கொண்டேன். பாரிட்டி பிட், என்கோடிங் என்றெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறேனே... ஒரே வார்த்தையை எந்த அளவுக்கு உடைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் சொந்தக்காரர்கள் மாறுகிறார்கள் என்பதை, எட்டாவதோடு படிப்பை விட்ட மனுஷன் மொட்டை மாடியில் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

“அப்போ கவலை வந்தா அடுக்கினதை உடைச்சு, திரும்ப அடுக்கணும்னு சொல்றீங்க,” என்றேன் சும்மா கிண்டலாக.

“பிழை வந்தா வேற என்ன செய்ய? ப்ரூஃப்ல தப்பு இருந்தா அந்த வரியைக் கழட்டி மறுபடி அடுக்குவோம். உட்கார்ந்து அழுதா அச்சு மாறுமா?”

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கேயோ போய்க் குத்தியது.

நாலு எழுத்து

அராகாரியா கதையைச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் கேட்டார். “சொல்ல முடியாததை இப்பிடிச் சொல்லிட்டாரா... பெரிய மனுசன்தான்,” என்றார். தெருவில் இன்னும் கரன்ட் வரவில்லை. இருட்டு கொஞ்சம் தைரியம் கொடுத்தது. நோட்டில் ஒரு வரி எழுதி, டார்ச்சோடு அவரிடம் நீட்டினேன்.

‘அபூர்வமானவர்கள், என்கிட்ட ரெண்டு இருக்கு (4)’

அவர் ரொம்ப உற்சாகமாக ஆரம்பித்தார். “அபூர்வமானவர்கள்... மேதைகள்? அது நாலு எழுத்துதான், ஆனா உன்கிட்ட ரெண்டு மேதை எங்கே இருக்கு? பெரியர், சிறியர்னு சொல்ற மாதிரி இருக்குமோ... அரிய... அரியர்! அரியவர்கள்னா அரியர். சரியா?”

“சரி. இன்னொரு பாதி?”

“அரியர்னா பாக்கிச் சம்பளம்ல? எங்க ஆபீஸ்லகூட மூணு மாச அரியர் வச்சிருக்கான். உனக்கு எங்கே தாயி சம்பளம்...”

நின்றுவிட்டார்.

பக்கத்து வீட்டு மாடியில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். அது மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தது. நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே தலை குனிந்திருந்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன். அது நடக்கவில்லை.

“எப்ப வந்துச்சு ரிசல்ட்டு?”

“ரெண்டு வாரம் ஆச்சுப்பா.”

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நோட்டை மூடி என் பக்கத்தில் வைத்தார். “பனி விழுது, கீழே போய்ப் படு,” என்று சொல்லிவிட்டு, அவர் மட்டும் மாடியிலேயே இருந்தார். எப்போது இறங்கி வந்தார் என்று தெரியாது.

காலண்டர் தாள்

காலையில் எழுந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். காலண்டர் சீசன் அல்லாத மாசத்தில் ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று அம்மாவுக்கும் புரியவில்லை. என் பையின் மேல், கிழித்த நாள்காட்டித் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கம், அப்பாவின் அச்சடித்த மாதிரி கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

‘இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல், பிறகு வாசி (4)’

முதலில் அதைச் சாதாரண வாக்கியமாகத்தான் படித்தேன். இன்னொரு தடவை இப்படி வேண்டாம், போய்ப் படி என்று அப்பா திட்டியிருக்கிறார் என்று நினைத்து மறுபடி கண்ணீர். அப்புறம்தான் கடைசியில் இருந்த அந்த நாலைப் பார்த்தேன். அது க்ளூ! வாக்கியம் சொல்கிற கதையை நம்பாதே. எங்கே வெட்டணும் என்று கண்டுபிடி.

‘வேண்டாம் என்று சொல்’, அதாவது மறு. ‘வாசி’ என்றால் படி. மறு, படி. முதலில் இருக்கிற ‘இன்னொரு தடவை’தான் நேரடி அர்த்தம்.

மறுபடி.

முந்தின நாள் ராத்திரிதான் முதல் தடவையாக க்ரிப்டிக் க்ளூ கேட்ட மனுஷன். விடிவதற்குள், மேலே படித்தால் கண்டிப்பு, உடைத்துப் பார்த்தால் சமாதானம் என்று ரெண்டையும் ஒரே வரியில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘பரவாயில்லை தாயி’ என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். தண்ணி பாட்டிலும் சேவு பொட்டலமும் வாங்கிக் கொடுத்தார். நான், “விடை மறுபடிதானேப்பா?” என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “அடுத்த தடவை ரிசல்ட்டு வந்த அன்னைக்கே சொல்லணும். க்ளூ எல்லாம் வேணாம்,” என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து, “அந்த ரெண்டு பேப்பர்லயும் எது கஷ்டம்?” என்று கேட்டார். சிக்னல்ஸ் என்றேன். ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினார்.

ஸோ... இப்போது நிலவரம் என்ன என்று கேட்பீர்கள். சினிமாவாக இருந்தால் ரெண்டிலும் பாஸ் ஆகி, யூனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் வாங்கியிருப்பேன். நிஜத்தில், சர்க்யூட்ஸ் க்ளியர். சிக்னல்ஸ் இன்னும் பாக்கி. அந்த ரிசல்ட் வந்த பத்தாவது நிமிஷம் அப்பாவுக்கு போன் பண்ணி, “ஒண்ணு போச்சு, ஒண்ணு இருக்கு” என்று சொன்னேன். க்ளூ இல்லாமல். “அப்போ பாதிக் கட்டம் ரொம்பியாச்சு,” என்றார்.

அந்தக் காலண்டர் தாள் என் கால்குலேட்டர் கவருக்குள் இருக்கிறது. எக்ஸாம் ஹாலுக்குள் துண்டுத் தாள் கொண்டுபோகக் கூடாது என்பதால் வாசலிலேயே எடுத்து ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டுப் போவேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் எனக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு க்ளூ. தோற்றவர் அடுத்த வாரம் ரெண்டு கொண்டு வரணும். ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். நேரடி அர்த்தம் ஒன்று, எழுத்துக்கு ஒரு வழி, ரெண்டுக்கும் மேலே ஒரு வார்த்தைகூடச் சும்மா நிற்கக்கூடாது. நீங்களும் வீட்டில் ட்ரை பண்ணுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் எதில் கில்லாடிகள் என்று நமக்குத் தெரிவதே இல்லை.

போவதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்று. போன வாரம் நான் அப்பாவிடம் கேட்டது.

‘பேச்சுவழக்கில் அந்தப் பெண், மனைவி, விஷ்ணு எடுத்தது பத்து (5)’

டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டார். உங்களுக்கு பஸ் வருகிற வரைக்கும் டைம்!